பெயர் சொல்லும் புள்ளிகள்: சுங்குடி முறையில் குஷன் உறை செய்ய முழுமையான வழிகாட்டி

சுங்குடி என்பது துணியில் புள்ளி புள்ளியாக முடிச்சிட்டுச் சாயமேற்றும் முறை. எங்கள் மொட்டைமாடியில் சாய வாளியைச் சுற்றி உட்கார்ந்து இதைக் கற்றுக்கொண்டவர்கள் ஏறக்குறைய எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுந்தார்கள். முடிச்சு யாருக்கும் பெரிய பாடாக இல்லை, அரை மணி நேரத்தில் விரல் பழகிவிடும். எதை முதலில் கட்டுவது, எதை அப்புறம் கட்டுவது என்பதில்தான் குழப்பம்.

பூவேலையில் எங்கே நிறம் வேண்டுமோ அங்கே நூலை வைக்கிறோம். இங்கே நேர் எதிர். எங்கே நிறம் ஏறக்கூடாதோ அங்கே கட்டுகிறோம். முதலில் கட்டிய புள்ளி கடைசிவரை வெள்ளையாக இருக்கும். இரண்டாவதாகக் கட்டியது முதல் சாயத்தின் நிறத்தோடு நிற்கும். கட்டாமல் விட்ட இடம் எல்லாச் சாயத்தையும் குடித்துத் தரை நிறமாகும். இதை மனதில் வாங்கிக்கொண்டால் கீழே வரும் வரிசை தானாகவே புரியும்.

நாம் செய்யப்போவது 40 செ.மீ. சதுரக் குஷன் உறை, அதாவது கடையில் 16 அங்குலம் என்று கேட்பது. அரக்கு நிறத் தரை, நடுவில் வெள்ளைப் புள்ளிகளில் பெயர், சுற்றிலும் மஞ்சள் புள்ளிகளில் ஒரு கரை. கல்யாணத்துக்கும் கொடுக்கலாம், புதுமனை புகுவிழாவுக்கும் கொடுக்கலாம். தைக்க மனமில்லாவிட்டால் முன்துண்டை மட்டும் மேலும் கீழும் மடித்தடித்து, ஒரு குச்சியில் கோத்துச் சுவரில் மாட்டிவிடலாம்.

1. விசேஷ நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

பத்து நாள் கையில் இருக்க வேண்டும். வேலை என்னவோ மொத்தம் பத்துப் பன்னிரண்டு மணி நேரம்தான். ஆனால் நடுவில் துணி மூன்று தடவை முழுசாக உலர வேண்டும், அதை அவசரப்படுத்தினால் கெடும். முகூர்த்தத்துக்கு நான்கு நாள் முன்பு ஆரம்பித்தவர்கள் கடைசி இரவில் ஈரத்தோடு முடிச்சை அவிழ்க்கிறார்கள், துணி கிழிகிறது.

சித்திரை, வைகாசி வெயிலில் தண்ணீர் தானாகவே வெதுவெதுப்பாக இருப்பதால் சாயம் நன்றாகப் பிடிக்கும். மார்கழியில் செய்வதானால் சாயத் தண்ணீரைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொஞ்சம் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

2. முன்கூட்டியே சேர்க்க வேண்டியவை

துணி: வெளுத்த வெள்ளைப் பருத்தி பாப்ளின், ஒரு மீட்டர். மதுரையில் விளக்குத்தூண், தெற்கு மாசி வீதிப் பக்கம் துணிக்கடைகளில் கிடைக்கும். "நூறு சதம் காட்டன்தானே?" என்று கேட்டுவிட்டு, அதோடு நிற்காமல் ஓரத்திலிருந்து இரண்டு இழையை உருவி எரித்துப் பாருங்கள். காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. உருகிக் கெட்டியான உருண்டை நின்றால் பாலியெஸ்டர் கலந்திருக்கிறது. நாம் பயன்படுத்தும் சாயம் பாலியெஸ்டரைப் பிடிக்காது, தரை வெளிறிப்போகும். காடாத் துணி மலிவுதான், ஆனால் அதன் பழுப்பில் வெள்ளைப் புள்ளி எடுபடாது. மல் துணி கட்டுவதற்குச் சுகம், குஷனுக்குத் தாங்காது. அதைச் சுவர்த் தொங்கலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நூல்: தடித்த பருத்தி நூல். தையல் மெஷின் பாலியெஸ்டர் நூல் வேண்டாம். பருத்தி நூல் நனைந்ததும் ஊதி முடிச்சை இன்னும் இறுக்கும். பாலியெஸ்டர் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

சாயம்: பருத்திக்கான ரியாக்டிவ் சாயத்தில், கொதிக்க வைக்கத் தேவையில்லாத குளிர்முறை வகை. சாயப்பொடிக் கடையில் கோல்டு ரியாக்டிவ் அல்லது எம் வகை என்று கேளுங்கள். மஞ்சள் ஒன்று, அடர்சிவப்பு ஒன்று. கொதிக்க வைத்துத் தோய்க்கும் சின்னப் பாக்கெட் சாயம் பெரும்பாலும் ஒவ்வொரு துவைப்பிலும் வெளுக்கும். வெள்ளைப் பெயரும் ரோஸாகிவிடும்.

சோடா: சோடா ஆஷ், சாயத்துக்கு 50 கிராம், கஞ்சி எடுக்க இன்னும் ஒரு கரண்டி. இங்கே தவறாதவர்கள் குறைவு. வீட்டில் இருக்கிறதே என்று ஆப்ப சோடாவைக் கொண்டுவருவார்கள். அதன் காரம் போதாது, சாயம் துணியில் ஒட்டாமல் அலசும்போது அத்தனையும் போய்விடும். கடைக்காரர் கற்கண்டு போன்ற சலவை சோடாவைக் கொடுத்தால் அது நடக்கும். ஆனால் அதன் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர் என்பதால் நான் சொல்லும் அளவைப்போல் இரண்டரை மடங்குக்குச் சற்று அதிகமாக எடுக்க வேண்டும்.

இவை போகக் கல் உப்பு கால் கிலோ, துணி சோப்புத் தூள், கிராம் காட்டும் சின்னத் தராசு, பிளாஸ்டிக் வாளி இரண்டு, கிளறக் குச்சி, ரப்பர் கையுறை, முகக் கவசம். அலுமினியப் பாத்திரம் கூடாது, சோடா அதை அரிக்கும். சாயத்துக்கு எடுத்த எந்தப் பாத்திரமும் கரண்டியும் மறுபடி அடுப்படிக்குப் போகக்கூடாது. முகக் கவசத்தைச் சும்மா சொல்லவில்லை. ரியாக்டிவ் சாயப்பொடியைச் சுவாசித்தால் சிலருக்கு மூச்சிரைப்பு வரும். ஃபேனை அணைத்துவிட்டு, குழந்தைகள் இல்லாத இடத்தில்தான் பொடியைப் பிரிக்க வேண்டும்.

3. பெயரை எழுதி வாங்குங்கள், அப்புறம் கட்ட நோட்டு

காதால் கேட்ட பெயரைக் கட்டாதீர்கள். பிரியாவா, ப்ரியாவா? சரண்யாவா, ஷரண்யாவா? நான் ஒரு தடவை 'பிரியா' என்று நூறு முடிச்சுப் போட்டு முடித்த பிறகு பத்திரிகை வந்தது. அதில் 'ப்ரியா'. கொடுத்தபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் இன்றைக்கும் உறுத்துகிறது. கல்யாணப் பத்திரிகையில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அதுதான் கணக்கு. யார் பெயர் முதலில் வர வேண்டும் என்ற வம்பையும் அந்தப் பத்திரிகையே தீர்த்துவிடும்.

பெயரைக் கணக்கு நோட்டில், கட்டத்துக்கு ஒரு புள்ளி என்று போடுங்கள். எழுத்தின் உயரம் 7 புள்ளி. துணியில் ஒரு கட்டம் 8 மி.மீ. ஆகும், அப்படியானால் எழுத்து ஏறக்குறைய 5 செ.மீ. உயரம் வரும்.

வாசலில் பெரிய கோலம் போடுபவர்கள் இந்த இடத்தில் ரொம்ப நம்பிக்கையோடு இருப்பார்கள். அவர்கள்தான் அதிகம் தவறுகிறார்கள். கோலத்தில் வடிவத்தைத் தருவது கோடு, புள்ளி வெறும் அடையாளம். அதனால் புள்ளிகளைத் தாராளமாக விட்டுவிட்டு வைப்பார்கள். இங்கே கோடே கிடையாது, பார்ப்பவர் கண்தான் புள்ளிகளைச் சேர்க்க வேண்டும். ஒன்றரை செ.மீ. இடைவெளி விட்டால் பெயர் தெரியாது, நட்சத்திரம்தான் தெரியும். 8 மி.மீ.க்கும் கீழே போனாலோ ஒரு முடிச்சுக்குக் கிள்ளும்போது பக்கத்துப் புள்ளியும் கூடவே வரும், கட்டவே முடியாது.

ஆக மூன்று அளவை நினைவில் வையுங்கள். ஒரே கோட்டில் அடுத்தடுத்த புள்ளிகள் 8 மி.மீ. ஒரே எழுத்துக்குள் இரண்டு கோடுகளுக்கு நடுவே குறைந்தது அதைப்போல் இரண்டு மடங்கு. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே 2 செ.மீ.

ட, ப இரண்டும் நேர்க்கோட்டு எழுத்துகள், கை பழகுவதற்கு நல்லவை. ம, ழ, ண, ஞ எல்லாம் சுழியுள்ளவை. சுழிக்குள் ஒரு கட்டமாவது காலியாக இல்லையென்றால் சுழி அடைபட்டு ஒரு வெள்ளைத் திட்டாகிவிடும். அந்த எழுத்துக்கு மட்டும் அகலத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள், உயரத்தை மாற்றாதீர்கள்.

மெய்யெழுத்தின் தலைப்புள்ளி தனி விவகாரம். 'ல்' போட்டால் அந்தப் புள்ளியும் மற்ற புள்ளிகளைப் போலவே ஒரு முடிச்சுத்தான். எழுத்தோடு ஒட்டிக் கிடந்தால் தொலைந்துபோகும். அதை எழுத்தின் தலையிலிருந்து இரண்டு கட்டம் தள்ளி வைத்து, துணியை மற்றவற்றைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கிள்ளிப் பெரிய முடிச்சாகப் போடுங்கள்.

கரைக்கு உள்ளே பெயருக்குக் கிடைக்கும் அகலம் ஏறக்குறைய 30 செ.மீ. ஒரு வரியில் நான்கு எழுத்து வசதியாக உட்காரும், ஐந்து நெருக்கும். கயல்விழி என்றால் 'கயல்' மேலே, 'விழி' கீழே. ஐசுவரியலட்சுமி மாதிரிப் பெயர் வந்தால் வீட்டில் கூப்பிடும் பெயரைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் அதுதான் கொடுக்கும்போது சிரிப்பை வரவழைக்கும்.

நோட்டை ஆறடி தள்ளி வைத்துப் பாருங்கள். அல்லது பெயர் தெரியாத ஒருவரிடம் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். அவர் ஒரு நொடி தயங்கினாலும் அழித்து மாற்றுங்கள். தாளில் மாற்ற ஒரு நிமிடம் போதும், துணியில் மாற்ற வழியே இல்லை.

4. கஞ்சியை எடுங்கள்

புதுத் துணியில் கஞ்சியும் மெழுகும் இருக்கும். அதோடு சாயத்தில் போட்டால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும்.

பழைய எவர்சில்வர் பாத்திரத்தில் துணி முழுகத் தண்ணீர் விட்டு, ஒரு கரண்டி சோப்புத் தூளும் ஒரு கரண்டி சோடாவும் போட்டு அரை மணி நேரம் கொதிக்க விடுங்கள். தண்ணீர் மஞ்சளாகக் கலங்கும். நன்றாக அலசி உலர்த்துங்கள். உலர்ந்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் துணி தயார். சொட்டு முத்துப்போல் நின்றால் இன்னொரு தடவை கொதிக்க வேண்டும்.

இதைத் துணியை வெட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டும். பருத்தி முதல் கொதியில் சுருங்கும். முதலில் வெட்டிவிட்டுக் கொதிக்க வைத்தவர்களுக்குக் கடைசியில் உறை குஷனில் ஏறாது.

5. வெட்டுதலும் குறித்தலும்

துணியை இஸ்திரி போட்டு, முன்துண்டு 50 × 50 செ.மீ., பின்துண்டுகள் இரண்டு 50 × 33 செ.மீ. வெட்டுங்கள். தேவைக்கு மேல் பெரிதாக எடுப்பதற்குக் காரணம் உண்டு. கட்டிச் சாயமேற்றிய துணி கோணலாக இழுபடும். சரியான அளவுக்கு வெட்டுவது கடைசி வேலை. மீந்த துணியைத் தூக்கி எறியாதீர்கள், அதுதான் சோதனைத் துண்டு.

முன்துண்டை நான்காக மடித்து நடுவைக் கண்டுபிடியுங்கள். அதை வைத்து 34 செ.மீ. சதுரம் ஒன்றைப் பென்சிலால் லேசாகக் குறித்து, அதன் மேல் 2 செ.மீ.க்கு ஒன்றாகக் கரைப் புள்ளிகளை வையுங்கள். சுற்றிலும் 68 வரும். பிறகு நோட்டிலிருந்து பெயர்ப் புள்ளிகளை அளந்து குறியுங்கள்.

எல்லாப் புள்ளிகளையும் குறித்து முடித்த பிறகுதான் முதல் முடிச்சு. நாலு முடிச்சு விழுந்தாலே துணி சுருங்கி அளவு மாறிவிடும், அதற்கப்புறம் ஸ்கேலை எங்கே வைப்பது? குறிக்க சாதாரணப் பென்சிலே போதும். குறி முடிச்சின் நுனியில்தான் வரும், அந்த நுனியில் சாயம் ஏறி மறைத்துவிடும். பால்பாயின்ட் பேனா வேண்டாம், வெந்நீரில் ஊறிப் பரவும்.

துணியை மடித்துக் கட்டலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். சேலை கட்டுபவர்கள் மடித்துத்தான் கட்டுகிறார்கள், ஒரே முடிச்சில் பல புள்ளி கிடைக்கும். புள்ளிக்கு வலம் இடம் கிடையாது என்பதால் அவர்களுக்கு அது சரி. எழுத்துக்கு உண்டு. மடித்துக் கட்டினால் மடிப்பின் அந்தப் பக்கம் பெயர் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி நிற்கும். நானும் என் முதல் துணியில் இதைச் செய்தவன்தான். ஒரே பெயரில் இரண்டு உறை வேண்டுமென்றால், தனித்தனியாக வெட்டிய இரண்டு துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று நேராக அடுக்கிக் கட்டுங்கள்.

6. பெயரைக் கட்டுதல்

இப்போது பெயரை மட்டும்தான் கட்ட வேண்டும். கரையைத் தொடக்கூடாது. பெயர் வெள்ளையாக நிற்க வேண்டும், எனவே துணி வெள்ளையாக இருக்கும்போதே அதை மூடிவிட வேண்டும்.

குறியின் மேல் துணியைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நகங்களால் கிள்ளித் தூக்குங்கள். உளுத்தம்பருப்பு அளவு போதும். நுனிக்குச் சற்றுக் கீழே நூலை நான்கைந்து சுற்று, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் இறுக்கிச் சுற்றி, கடைசியில் ஒரு சுருக்குப் போட்டு இழுங்கள். நூலை வெட்டாமல் அப்படியே அடுத்த புள்ளிக்குப் போங்கள். வெட்டாமல் போனால் வேலை சீக்கிரம் முடியும், பின்னால் அவிழ்ப்பதும் எளிது.

நூல் சுற்றிய இடம் வெள்ளை வளையமாகும். சுற்றாமல் விட்ட நுனியில் சாயம் ஏறி, வளையத்துக்கு நடுவே ஒரு கடுகுப் பொட்டு நிற்கும். கையால் கட்டிய சுங்குடிக்கு அதுதான் அழகு. முழு வெள்ளைப் புள்ளி வேண்டுமென்றால் நுனிவரை நூலைச் சுற்றி மூடிவிடலாம். ஆனால் மூடினால் பென்சில் குறியும் உள்ளேயே தங்கிவிடும், துவைத்துத்தான் போக்க வேண்டும்.

சுழியுள்ள எழுத்தில் உள்ளே இருக்கும் புள்ளிகளை முதலில் கட்டி வெளியே வாருங்கள். சுற்றியுள்ளதைக் கட்டிவிட்டால் நடுவில் துணி குவிந்துபோய் விரல் நுழையாது.

இரண்டு தவறுகளை அடிக்கடி பார்க்கிறேன். ஒன்று, கைவலியில் கடைசி முப்பது முடிச்சு தளர்ந்துவிடும், அந்த எழுத்து மட்டும் மங்கி நிற்கும். புதியவர் ஒரு மணி நேரத்துக்கு நாற்பது முடிச்சுப் போட்டாலே பெரிது. நான்கைந்து எழுத்துப் பெயருக்கு நூறு முடிச்சாவது விழும். இரண்டு நாளாகப் பிரித்துக் கட்டுங்கள். மற்றொன்று, கிள்ளும் அளவு ஆளின் அவசரத்தைப் பொறுத்து மாறுவது. எழுத்து சீராகத் தெரிய வேண்டுமென்றால் புள்ளிகள் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரே பெயரை இரண்டு பேர் பங்குபோட்டுக் கட்டவே கூடாது. கரையை வேண்டுமானால் வேறு யாரிடமாவது கொடுங்கள்.

சோதனைத் துண்டிலும் ஐந்தாறு முடிச்சுப் போட்டு வையுங்கள். அதுவும் எல்லாச் சாயத்திலும் கூடவே முங்கி வரட்டும்.

7. முதல் தோய்ப்பு: மஞ்சள்

வெளிர் நிறம் முதலில், அடர்நிறம் அப்புறம். சிவப்பின் மேல் மஞ்சளை ஏற்ற முடியாது.

துணிகள் மூன்றும் சேர்ந்து உலர்ந்த எடை 60 கிராம் பக்கம் இருக்கும். நீங்கள் எடை போட்டு, கீழே உள்ள அளவுகளை அதற்குத் தக்கபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். பின்துண்டுகளையும் மஞ்சளில் போட வேண்டும். பின்பக்கம் வெறும் அரக்குத்தானே, நேராகச் சிவப்பில் போட்டால் போதாதா என்று நினைப்பார்கள். மஞ்சள் மேல் ஏறிய சிவப்பும் வெள்ளை மேல் ஏறிய சிவப்பும் வேறு வேறு நிறம். உறையின் முன்னும் பின்னும் சேராது.

சாயத் தண்ணீருக்குக் குடிதண்ணீர் எடுங்கள், 2 லிட்டர்தானே. போர் தண்ணீரின் சுண்ணாம்பு சோடாவோடு சேர்ந்து வெள்ளையாகத் திரியும், நிறமும் மங்கும். அலசுவதற்குப் போர் தண்ணீர் பரவாயில்லை.

மஞ்சள் பொடி 0.6 கிராம்தான் வேண்டும். அவ்வளவு சின்ன எடையைத் தராசு ஒழுங்காகக் காட்டாது. அதனால் 1 கிராமைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, 100 மில்லியாகக் கரைத்து, அதிலிருந்து 60 மில்லி எடுங்கள். கொதிநீரில் கரைக்காதீர்கள், இந்த வகைச் சாயம் சூட்டில் வீரியம் இழக்கும். கரைசலைத் துணியில் வடிகட்டி அந்த 2 லிட்டர் தண்ணீரில் கலக்குங்கள், கரையாத ஒரு துகள் ஒரு கறை.

கட்டிய துணியை வெறும் தண்ணீரில் பத்து நிமிடம் ஊற வையுங்கள். நூல் ஊதி இறுகும், துணியும் சாயத்தைச் சீராக வாங்கும். லேசாகப் பிழிந்து சாயத் தண்ணீரில் போடுங்கள். கல் உப்பு 60 கிராமைக் கரைத்து வடிகட்டி, ஐந்து நிமிட இடைவெளியில் மூன்று பங்காக ஊற்றிக் கிளறுங்கள். உப்பின் வேலை சாயத்தைத் தண்ணீரிலிருந்து துணிப்பக்கம் தள்ளுவது. ஒரேயடியாகக் கொட்டினால் துணியின் மேல்பக்கம் மட்டும் விழுங்கிவிடும்.

பிறகு துணியை வெளியே எடுத்துவிட்டு, சோடா ஆஷ் 20 கிராமை வெந்நீரில் தனியாகக் கரைத்து ஆற வைத்து ஊற்றிக் கலக்கி, துணியைத் திரும்பப் போடுங்கள். துணியின் மேலேயே ஊற்றினால் விழுந்த இடம் மட்டும் அடர்ந்துவிடும். உண்மையில் சாயம் நூலிழையோடு பிணைவது இந்தக் காரத்தில்தான். முக்கால் மணி நேரம், சில நிமிடங்களுக்கு ஒரு முறை புரட்டிக் கொடுங்கள். துணியின் எந்த முனையும் தண்ணீருக்கு மேலே துருத்தி நிற்கக்கூடாது.

அப்புறம் பச்சைத்தண்ணீரில் நாலைந்து முறை அலசி, முடிச்சோடு நிழலில் உலர்த்துங்கள். மீந்த சாயத்தண்ணீரை நாளைக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். சோடா விழுந்த சில மணி நேரத்தில் அது தண்ணீரோடேயே வினைபுரிந்து செத்துப்போகும். பார்க்க நிறமாக இருக்கும், துணியில் ஒட்டாது. செடிக்கும் ஊற்றக்கூடாது, உப்பும் காரமும் வேரைக் கருக்கிவிடும். சாக்கடைக் குழாயில் நிறையத் தண்ணீரோடு விடுங்கள்.

8. கரையைக் கட்டுதல்

துணி முழுசாக உலர்ந்த பிறகு 68 கரைப் புள்ளிகளையும் அதே மாதிரி கட்டுங்கள். ஈரத்தில் கட்டினால் நூல் முன்பே ஊதியிருக்கும், உலரும்போது தளரும்.

கட்டி முடித்ததும் பெயர் முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். தளர்ந்தது இருந்தால் அவிழ்க்க வேண்டாம், அதன் மேலேயே இன்னும் நாலு சுற்றுச் சுற்றுங்கள். அவிழ்த்தால் அதே வளையத்தில் மறுபடி கட்டுவது யாராலும் ஆகாது.

9. இரண்டாம் தோய்ப்பு: அரக்கு

முறை அதேதான், அளவு மட்டும் மாறும். தண்ணீர் 2 லிட்டர், சிவப்புப் பொடி 2.5 கிராம், உப்பு 100 கிராம், சோடா ஆஷ் 30 கிராம். சோடா போட்ட பிறகு ஒரு மணி நேரம்.

நனைந்த துணி எப்போதும் ஒரு படி அடர்த்தியாகத் தெரியும். போதும் என்று தோன்றும் நேரத்தில் எடுத்தால் உலர்ந்ததும் செங்கல் நிறம் நிற்கும். நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள். சோதனைத் துண்டை இதற்குத்தான் கூடவே கொண்டுவந்தோம். அதன் ஒரு மூலையை வெட்டி, அலசி, இஸ்திரிப் பெட்டியால் உலர்த்திப் பார்த்தால் உண்மை நிறம் தெரியும்.

சிவப்புக்குப் பதில் நீலம் போட்டால் மஞ்சளோடு சேர்ந்து பச்சைத் தரை வரும். நீலத் தரையில் மஞ்சள் புள்ளி இந்த வரிசையில் வரவே வராது. இந்தக் கேள்வியைக் கேட்காமல் யாரும் போவதில்லை.

10. அலசல், உலர்த்தல், அவிழ்த்தல்

பொறுமையில்லாதவர்கள் எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்வது இங்கேதான். வாளியிலிருந்து எடுத்ததுமே பெயர் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க ஒரு முடிச்சை அவிழ்ப்பார்கள். ஒட்டாத சாயம் துணி முழுக்க ஊறிக்கிடக்கும் நேரம் அது. அவிழ்த்த புள்ளிக்குள் ஓடிப்போய் ரோஸாகிவிடும்.

முடிச்சோடு பச்சைத்தண்ணீரில், தண்ணீர் கிட்டத்தட்டத் தெளியும்வரை ஆறேழு முறை அலசுங்கள். முதலில் பச்சைத்தண்ணீரில் அலசுவது உப்பையும் சோடாவையும் வெளியேற்ற. அவை இருக்கும்வரை வேண்டாத சாயம் துணியை விடாது. அடுத்து நல்ல வெந்நீரில், நிறையத் தண்ணீர் வைத்து, சோப்புத் தூளோடு பத்து நிமிடம். மறுபடி அலசி, முறுக்காமல் அழுத்திப் பிழிந்து நிழலில் ஒரு முழு நாள் விடுங்கள். வெயிலில் போட்டால் ஒரு பக்கம் சீக்கிரம் காய்ந்து, உள்ளே மீந்த நிறம் அந்தப் பக்கம் இழுபடும்.

முடிச்சுக்குள் ஈரமே இல்லை என்று உறுதியான பிறகு துணியை முடிச்சின் இரண்டு பக்கமும் பிடித்துக் குறுக்காக விசுக்கென்று இழுங்கள். நூல் பட்பட்டென்று தெறித்து வரும். வராத முடிச்சில் கத்தரிக்கோலை வைக்காதீர்கள், ஊசி முனையால் சுருக்கைத் தளர்த்துங்கள். எல்லாம் அவிழ்ந்ததும் இன்னொரு தடவை வெந்நீரும் சோப்பும் போட்டு விரைவாக அலசி, மடிக்காமல் உலர்த்துங்கள்.

11. தைத்தல்

முடிச்சிருந்த இடமெல்லாம் சின்னச் சின்னக் கும்பமாக நிற்கும். அதை அழுத்தி இஸ்திரி போட்டு மட்டமாக்குகிறவர்கள் உண்டு. எனக்கு மனம் வராது, அந்தக் கும்பம்தான் கையால் கட்டியதற்குச் சாட்சி. ஓரங்களை மட்டும் தேய்த்து நேராக்கிக்கொண்டு, பெயரை நடுவில் வைத்து 43 × 43 செ.மீ. வெட்டுங்கள். துணியின் நடுவை அளக்காமல் பெயரின் நடுவை அளந்து வெட்டுங்கள்.

பின்துண்டுகளை 43 × 28 செ.மீ. ஆக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு நீள ஓரத்தை 2 செ.மீ. மடித்தடியுங்கள். முன்துண்டின் நல்ல பக்கத்தை மேலே வைத்து, அதன்மேல் பின்துண்டுகளைக் கவிழ்த்து, மடித்தடித்த ஓரங்கள் நடுவில் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி வையுங்கள். 9 செ.மீ. ஏறி நிற்கும். ஜிப் வேண்டாம், குஷன் வெளியே பிதுங்காது. சுற்றிலும் 1.5 செ.மீ. விட்டுத் தைத்துத் திருப்பினால் உறை தயார். மெஷின் இல்லாவிட்டால் தெருமுனைத் தையல்காரர் கால் மணி நேரத்தில் முடித்துவிடுவார். எது மேல்பக்கம் என்பதை மட்டும் அவரிடம் சொல்லிக் கொடுங்கள். பெயர் தலைகீழாக வரும்படி பின்திறப்பை வைத்துத் தைத்து வந்ததும் உண்டு.

12. தவறு நேர்ந்தால்

ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தால்: அந்த இடத்தில் வெள்ளை நூலால் ஒரு சின்ன வளையம் தைத்துவிடுங்கள். ஒன்றிரண்டுக்கு மேல் இதைச் செய்தால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வெள்ளை ரோஸாகிவிட்டால்: இன்னும் இரண்டு தடவை வெந்நீர் சோப்பில் அலசிப் பாருங்கள். ஒட்டாத சாயம் என்றால் போகும். அதற்கும் போகாவிட்டால் அது ஒட்டிய சாயம். ப்ளீச்சை எடுக்காதீர்கள், தரையும் சேர்ந்து வெளுக்கும்.

தரை திட்டுத் திட்டாக வந்தால்: முடிச்சை இன்னும் அவிழ்க்கவில்லை என்றால் அதே சிவப்பில் இன்னொரு தோய்ப்பு, கொஞ்சம் அடர்த்தியாக. அவிழ்த்துவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை.

நாலு பேர் பார்த்து ஆர்டர் கேட்டு, விற்கலாம் என்று தோன்றினால் ஒரு விஷயம். மதுரை சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. லேபிளில் அந்தப் பெயரை இஷ்டத்துக்கு அச்சடிக்காதீர்கள். "கையால் முடிச்சிட்டுச் சாயமேற்றியது" என்று போட்டாலே வாங்குபவருக்குப் புரியும். கூடவே ஒரு சீட்டும் வையுங்கள்: முதல் மூன்று துவைப்பு தனியாக, நிழலில் உலர்த்தவும்.